தாரியஸ் சாகும் காட்சி

என் சுலைகாவுக்கு,

நீ போய் நாலு மாசம் ஆச்சு. விழிதியூரில் பஸ் ஏறி கோட்டுச்சேரியில் இறங்கினால் இன்னமும் கண்ணு உன்னைத்தான் தேடுது. ஸ்டாஃப் ரூமில் உன் நாற்காலிக்குப் புது டீச்சர் வந்தாச்சு. நல்ல பொண்ணுதான். உன்னை மாதிரி வரலாற்றுக்காகச் சண்டை போடத்தான் தெரியலை.

ஆண்டுவிழாவுக்கு டீச்சர்கள் நாம் போட இருந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லணும். பாரசீகப் பேரரசன் தாரியஸின் வீழ்ச்சியை நீதான் எழுதினாய். ராஜா வேஷம் உனக்கு. அவனைக் காட்டிக்கொடுக்கும் ஆளுநர் வேஷம் எனக்கு. அலெக்சாந்தரிடம் தோற்று ஓடுகிற ராஜாவை நம்பின ஆளுநரே விலங்கு பூட்டி வண்டியில் ஏற்றுகிறான். எதிரிப் படை நெருங்கியதும் குத்திப் போட்டுவிட்டு ஓடுகிறான். அத்தனை தேசங்களை ஆண்டவன், எதிரி வீரன் ஒருவன் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாகிறான்.

ஒத்திகை பார்க்க வந்த தாளாளர் முகம் சுளித்தது ஞாபகம் இருக்கா?

"தோத்தவன் சாவுறத யாரு டீச்சர் பாப்பாங்க? அலெக்சாந்தர் ஊர்வலத்தோட முடிச்சிருங்க. பொம்பளைங்க விலங்கு மாட்டிக்கிட்டு மேடையில கெடக்குறது நல்லாவா இருக்கு?"

"ஜெயிச்சவனுக்குக் கதை சொல்ல எத்தனையோ பேர் இருக்காங்க சார். இவனுக்கு யாரு இருக்கா?" என்றாய் நீ.

அவர் என்னிடம் திரும்பினார். "நீங்கதான் சீனியர். என்ன சொல்றீங்க?"

"எடுத்துடலாம் சார்" என்றேன்.

நீ திட்டியிருக்கலாம். "உங்க வேஷம் நல்லா பொருந்துதுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். அடுத்த வாரம் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவே இல்லை. இருந்திருந்தால் என்னோடு பேசியிருப்பாயா?

இப்போ சேதி கேளு. போன வெள்ளிக்கிழமை நாடகம் நடந்தது. ராஜா வேஷத்தை நானே போட்டேன். கணக்கு டீச்சர் மேரி ஆளுநர். ஊர்வலத்தோடு திரை விழணும் என்பது உத்தரவு. கயிற்றை இழுக்கப் போனவரிடம் மேரி, "கொஞ்சம் பொறுங்கண்ணே, இன்னொரு காட்சி இருக்கு" என்றாள். நான் விலங்கோடு போய்ப் படுத்தேன்.

"ஆமாம், ஓடினேன். ஓடினவனுக்கும் ஒரு சாவு உண்டு. கண்ணை மூடாமல் பாருங்கள்!"

நீ எழுதிய வரி. முன்வரிசையில் தாளாளர் விசுக்கென்று எழுந்து வெளியே போனார். பின்னால் இருந்த கூட்டம் அசையலை. உன் உம்மா மட்டும் எழுந்து, கடைசி வரைக்கும் நின்றுகொண்டே பார்த்தாங்க.

திங்கட்கிழமை மெமோ வந்தது. உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டு. "மன்னிச்சிருங்கன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சிரும் டீச்சர்" என்றாங்க ஹெட்மிஸ்ட்ரஸ். பேனாவை வாங்கி அங்கேயே எழுதினேன்: "நாடகம் எழுதியவர் எழுதியபடியே நடிக்கப்பட்டது. இதில் எனக்கு வருத்தம் இல்லை."

வேலைக்கு என்ன ஆகும்னு தெரியலை சுலைகா. ஆகிறது ஆகட்டும். இனிமேல் யார் முன்னாலும் உன் எழுத்தில் ஒரு வரியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

நீ போன பிறகே துணிச்சல் வந்த உன் அக்கா,
வசந்தா