காத்திருக்கச் சொல்லாத கடிதம்

கிள்ளான்
2 மார்ச் 2025

அன்பு மகள் ஷாமினிக்கு,

எழுத்து மேலும் கீழும் ஓடும், பொறுத்துக்கொள். கோட்டுக்குள் எழுதச் சொல்கிறார் சீதாலெட்சுமி டீச்சர். நாற்பது வருடம் லோரி ஓட்டிய கை, கேட்பதில்லை. உன் பெயரில் 'ஷா'வை மட்டும் நான்கு முறை அழித்தேன். ஆனாலும் எழுதிவிட்டேன், பார். கோயில் மண்டப வகுப்பில் எழுபத்திரண்டு வயது மாணவன் நான் ஒருவன்தான். பஸ்ஸில் ஏறினால் கடைப் பலகைகளை வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருகிறார்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் முதலில் எடுத்தது, எடின்பரோவிலிருந்து அன்று நீ அம்மாவுக்கு எழுதிய கடிதம்தான். மூன்று நாள் ஆனது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் புரதத்தில் ஒரு குழி இருக்கிறது, கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான சின்ன மூலக்கூறுத் துண்டுகளை அதில் உட்காரவைத்துப் பார்க்கிறோம், ஒன்று லேசாக ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அடுத்த பக்கத்தில்: "இது வெறும் துண்டுதான் அம்மா, மருந்து இல்லை. மருந்தாக வளர்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், ஆகாமலும் போகும். காத்திருக்காதீங்க. உடனே டயாலிசிஸ் ஆரம்பிங்க."

எழுத்தே தெரியாத எனக்கு உன் அம்மா மாரியாயி அன்று இப்படிப் படித்துக் காட்டவில்லை. "உங்க மக மருந்தே கண்டுபிடிச்சிட்டாளாம். ஊசி, மெஷின் ஒண்ணும் வேணாமாம், காத்திருக்கச் சொல்றா" என்றாள். கடிதத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

அவள் சாவுக்கு வந்த உன்னை வாசலில் நிறுத்தி, "நீதானே காத்திருக்கச் சொன்னே? போ" என்றேன். ஆறு வருடம் ஆகிவிட்டது. நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அப்பா தம்புசாமி


பிரிக்பீல்ட்ஸ்
16 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் எழுத்து நன்றாகவே புரிகிறது.

வாசலில் நீங்கள் கேட்டதுமே, அம்மா உங்களுக்கு எப்படிப் படித்துக் காட்டியிருப்பார் என்று தெரிந்துவிட்டது. ஊசி என்றாலே அவருக்குப் பயம். உள்ளே கிடத்தியிருந்தவரைப் பொய் சொன்னவர் என்று எப்படிச் சொல்வேன்?

என் மேலும் தப்பு இருக்கிறது. துண்டு கிடைத்த பெருமையில் முதல் பக்கம் முழுக்க அதையே எழுதினேன். உங்களுக்கு ஒரு போன் செய்திருக்கலாம்.

அந்தத் துண்டும் தேறவில்லை. மருந்தாக வளர்க்க இன்னொரு துண்டோடு இணைத்ததும் புரதத்தின் குழியைவிட்டு விலகிவிட்டது.

எடின்பரோவை விட்டு இவ்வளவு பக்கத்தில் வந்தும், வீட்டுக்கு வர இன்னும் மனம் வரவில்லை அப்பா. ஆனால் எழுதுங்கள்.

ஷாமினி


கிள்ளான்
23 மார்ச் 2025

அன்பு மகளுக்கு,

கை இன்னும் திருந்தவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டட்டுமா என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன். இனி உன் கடிதத்தை வேறு யாரும் எனக்குப் படிக்க வேண்டாம். இரண்டு நாளில் முடித்தேன். ஒரு வரியும் விடவில்லை. மனம் வரவில்லை என்ற வரியையும்.

இங்கிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரே ரயில்தான், ஆனாலும் உன் வாசலில் வந்து நிற்க மாட்டேன். உனக்குத் தோன்றும்போது வா.

அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் 'ஷா' ஒரே தடவையில் வந்துவிடும்.

அப்பா