உப்பளத்து விளக்கு

பங்குனி, செவ்வாய் இரவு.

உப்பளத்து விளக்கு விடிய விடிய எங்கள் கொட்டகைக்குள் அடிப்பதால்தான் மாட்டுக்குப் பால் குறைந்தது என்று உப்பளத்துக்காரர்களோடு ஒரு மாதம் சண்டை போட்டேன். நேற்று அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். இன்று பால் இன்னும் குறைந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் மாடு இருட்டுக் கொட்டகைக்குள் கால் வைக்கவே மறுத்தது.

"அதுக்கு வெளிச்சம் பழகிப்போச்சு மாமா. போயி லைட்ட மறுபடியும் திருப்பச் சொல்லுங்க" என்று மருமகள் சிரித்தாள்.

"நானா போய்க் கேப்பேன்? ராத்திரில மாட்டுக்கு இருட்டுதாம்மா வேணும்."

அப்படித்தானே பேப்பரில் படித்தேன்? பிறகு ஏன் மிரள்கிறது?

எல்லோரும் படுத்த பிறகு என் டார்ச்சை எரியவிட்டுக் கொட்டகையில் தொங்கவிட்டேன். மாடு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. காலையில் மருமகள் கேட்டால் பாம்புக்காக என்று சொல்லிவிடலாம். பால் கூடிவிட்டால் என்ன சொல்வது?