வாளிக்கு ஒரு புள்ளடி, ஐந்துக்கு ஒரு புள்ளடி

போன கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது உன் அட்டை அகப்பட்டது. நான் வேலை செய்யும் புடவைக்கடையிலிருந்து கொண்டுவந்த சேலைப் பெட்டியின் மூடி. அதன் வெள்ளைப் பக்கத்தில் நீ அடிமட்டம் வைத்துக் கீறிய வாக்குச்சீட்டு. மேலே சின்னங்கள், அவற்றுக்கு நடுவில் உங்கள் சுயேச்சைக் குழுவின் வாளி, கீழே வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்கள். பூச்சி உருண்டை மணம் இன்னும் போகவில்லை. மணந்துகொண்டு நிற்கிறேன், கைபேசி கத்துகிறது. பார்த்தால் உன் படம். பக்கத்தில் மெழுகுதிரி, பறக்கும் புறா, "எங்கள் வீராங்கனைக்கு ஓராண்டு அஞ்சலி". வந்த கோபத்துக்குக் கைபேசியைக் கிணற்றுக்குள் எறிந்திருப்பேன். புதுசு என்பதால் எறியவில்லை.

வீராங்கனையாம்! நீ உயிரோடு இருந்தபோது உன் பேச்சில் ஒரு வரியைக் கேட்டார்களா உவர்கள்?

மானிப்பாய்ப் பக்கத்தில் நீ தராசில் நிறுத்துப் பார்க்காத பிள்ளை இல்லை. மருத்துவமாது என்பதால் ஊருக்கெல்லாம் நீ மிஸ்ஸி. எனக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். ஒருநாள் சேலை வாங்கக் கடைக்கு வந்தாய். சனமில்லாத மத்தியானம். நாங்கள் பத்துப் பெண்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம்.

"ஏனடி ஒருத்தியும் இருக்கேல்லை?"

"இருந்தால் முதலாளிக்குப் பிடிக்காது."

"அதுக்காக? கதிரை எங்கை?"

"கதிரையே இல்லையடி."

சேலையை வாங்காமலே போய்விட்டாய். அடுத்த பாராளுமன்றத் தேர்தலுக்கு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாய். கடைப் பெண்களுக்கு இருக்கை, காணியில்லாத சனத்துக்குக் காணி, சாதி பார்க்காமல் அள்ளக் கிணறு. நீ கேட்டது அவ்வளவுதான். பழைய கட்சிக்காரர் "ஓட்டை வாளி" என்று சிரித்தார்கள். "ஓட்டை வாளியெண்டால் பூக்கண்டுக்குத் தண்ணி விடலாம்" என்று மேடையிலேயே சொன்னாய். சனம் கைதட்டியது.

தொடக்கத்தில் இரண்டு சைக்கிள், ஒரு அட்டை, ஒரு பென்சில், ஒரு அழிறப்பர். அதுதான் நம்முடைய பிரசாரம். வீட்டுக்கு வீடு போய் அட்டையை மடியில் வைத்து வீட்டுக்காரரைக் கொண்டே பெருக்கல் அடையாளம் மாதிரிப் புள்ளடி போடுவிப்பாய். பிழைத்தால் அழித்துவிட்டு இன்னொரு தரம். "கதைச்சுக்கொண்டு நிக்காதை, கையிலை பென்சிலைக் குடு" என்று எனக்குப் பேச்சு விழும். முதலில் வாளிக்கு ஒரு புள்ளடி, பிறகு உன் இலக்கமான ஐந்துக்கு ஒரு புள்ளடி. வாளியை விட்டுவிட்டு ஐந்துக்கு மட்டும் போட்டால் அந்தச் சீட்டே செல்லாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வீட்டுக்குக் கால் மணித்தியாலம் போகும். எனக்குக் கால் உளையும். உனக்கு உளையாது.

பிறகுதான் அந்தக் காணொளி. பஸ் நிலையத்தில் கதிரையைப் பற்றி நீ பேசியதை யாரோ எடுத்துப் போட, கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் இருந்து ஆதரவாளர்கள் முளைத்தார்கள். ஒருத்தரையும் நாங்கள் கண்டதில்லை. உனக்குப் பாட்டுப் போட்டார்கள், உன் படத்துக்குப் பின்னால் நெருப்பு எரியவிட்டார்கள். கதிரை சின்ன விசயமாம், அதை எடுத்துவிட்டுப் "புரட்சி" என்று எழுதினார்கள். "வடக்கில் சுனாமி" என்று ஒருத்தன் எழுதியதைப் பார்த்த அன்று நீ கொதித்தாய். "சுனாமியோ? உவனை, கடல் சனத்தை அள்ளின வடமராட்சிக் கடற்கரையிலை வந்து நிண்டு உந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லு பாப்பம்!" மானிப்பாயில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் காணி எங்கிருந்து வரும் என்று கேட்டதற்குத் துரோகி என்று திட்டித் தீர்த்தார்கள். நீ அவருடைய படலைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாய்.

எல்லாப் படத்திலும் ஐந்து, ஐந்து, ஐந்து. வாளியைக் காணவில்லை. நீ ஒருத்தனைத் தேடிப்பிடித்து அழைப்பெடுத்தாய்.

"தம்பி, வாளியையும் போடுங்கோ. அது இல்லாட்டி வாக்குச் செல்லாது."

"வாளி வடிவில்லை அக்கா. ஐந்து எண்டால்தான் எடுப்பா இருக்கு."

எடுப்பாம்! அவன் பல்லை உடைத்திருக்க வேண்டும்.

ஊடகக்காரர் அதற்கு மேல். கோட்டுப் போட்ட நாலு பேர் தொலைக்காட்சியில் மேசையைச் சுற்றி இருந்து உனக்கு ஆசனம் உறுதி என்று எழுதி ஒட்டினார்கள். யூடியூப்பில் சிவப்பு அம்புக்குறி போட்டு நீ வென்றே விட்டாய் என்றார்கள். ஒருத்தராவது ஒரு ஒழுங்கைக்குள் இறங்கி ஒரு வீட்டில் கேட்டார்களா? அவர்கள் ஆதரவாளரின் பதிவைப் பார்த்துச் சொன்னார்கள், ஆதரவாளர் அவர்கள் சொன்னதைப் பார்த்து ஆடினார்கள்.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். பிரசாரம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை. "நான் நெல்லியடிக்குப் போறன். பண்டத்தரிப்புப் பக்கம் மிச்சம் இருக்கடி, நீ முடிச்சிட்டு வா" என்று அட்டையை என்னிடம் தந்தாய். கிழமை முழுக்கக் கடையில் நின்ற கால். வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தேன். வெற்றி உறுதி, வெற்றி உறுதி. அப்படியென்றால் இனி நான் ஏன் வெய்யிலில் சைக்கிள் உழக்கவேண்டும்? பின்னேரம் நீ அழைப்பெடுத்தாய்.

"போனனியே?"

"ஓம், போனனான்."

உனக்கு நான் சொன்ன ஒரே பெரிய பொய் அது.

பண்டத்தரிப்புப் பக்கத்து வாக்குப் பெட்டிகளை எண்ணிய மண்டபத்தில் உன் முகவராக நின்றதும் நான்தான். செல்லாத சீட்டுகளை அதிகாரி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். சின்னங்களுக்கு நேரே ஒன்றுமில்லை. வாளிக்கு நேரே வெறுமை. கீழே ஐந்தில் மட்டும் பெரிதாக, அழகாக, அழுத்திப் போட்ட புள்ளடி. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. பக்கத்தில் நின்ற மற்றக் கட்சி முகவருக்கே பொறுக்கவில்லை, "ஐயோ பாவம்" என்றார். அவை எல்லாம் செல்லுபடியாகியிருந்தால் நீ வென்றிருப்பாயா, எனக்குத் தெரியாது. ஆனால் அவை உன்னுடையவை. குவியலாகக் கட்டிக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் அதே கோட்டுக்காரர், அதே மேசை. நீ தோற்பாய் என்பது முன்பே தெரிந்ததாம். ஆதரவாளர்கள் "நன்றி கெட்ட சனம், உந்தச் சனத்துக்கு உதுதான் சரி" என்று எழுதிவிட்டு வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள். சனமாம் நன்றி கெட்டது! பேனையை அழுத்திக் கீறியவர்களைப் பார்த்தா சொல்கிறார்கள், மூதேசிகள்?

நீ திட்டவில்லை. "அடுத்த முறை கூடப் பென்சில் வாங்குவம்" என்று சிரித்தாய். அடுத்த வருச மாரி மழைக்குள் நெஞ்சு நோவென்று ஆசுபத்திரியில் படுத்தாய். பக்கத்தில் மூன்று நாள் இருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன், "தேத்தண்ணி குடிக்கிறியே?" என்று கேட்பேன். நாலாம் நாள் நீ இல்லை.

இப்போது மாகாண சபைத் தேர்தல் வருமாம். நல்ல பிள்ளை ஒருத்தி நிற்கப்போகிறாளாம். அதற்குள் கைபேசியில் "அலை" என்று தொடங்கிவிட்டார்கள். அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு இன்று, ஞாயிற்றுக்கிழமை, பண்டத்தரிப்புக்கு உழக்கினேன். இரண்டு வருசம் பிந்திப் போனேன்.

முதல் வீட்டில் வெங்காயத் தோட்ட வேலைக்குப் போகிற பெண். உன் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தது நீதானாம். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னாள்.

"நான் மிஸ்ஸிக்குத்தான் போட்டனான் அக்கா. போனிலை காட்டின மாதிரியே அஞ்சிலை வடிவாப் போட்டனான். வேறை ஒண்டிலையும் பேனை முட்டக்கூட இல்லை."

"வாளியிலை?"

"அதேன்? எனக்குக் கட்சி குழு ஒண்டும் வேண்டாம். மிஸ்ஸி மட்டும் காணும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நாங்கள் இவ்வளவு பேர் போட்டும் தோத்திட்டாவே. எங்கடை வாக்கை ஆர் அக்கா களவெடுத்தது?"

என்னால் அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பி நின்று சொன்னேன். "ஒருத்தரும் எடுக்கேல்லை பிள்ளை. வாளிக்கும் போடவேணும் எண்டு உங்களுக்குச் சொல்லித்தர அவ என்னைத்தான் அனுப்பினவ. நான் வரேல்லை."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அட்டையை என் கையிலிருந்து வாங்கினாள். உள்ளே போய்ப் பிள்ளையின் பேனையை எடுத்துவந்தாள். வாளிக்கு ஒரு புள்ளடி. ஐந்துக்கு ஒரு புள்ளடி. அழிக்க முடியாதபடி, பேனையால்.

"இப்ப சரியோ அக்கா? இது செல்லுமோ?"

"ஓம்" என்றேன்.

உனக்கு விழுந்த ஒரு வாக்கு என் பையில் இருக்கிறதடி. வாற ஞாயிறு அடுத்த வீட்டுக்குப் போவேன்.