சின்னக்கண்ணுவுக்காக நிறுத்திய ரயில்

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் காளியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். போனை எடுத்தாலே உன் அம்மா அழுதுவிடுகிறாள், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு மாமா போய்ச் சேர்ந்துவிட்டாரம்மா. என்னோடு ஒரே கேங்கில் தண்டவாள வேலை பார்த்த மனுசன்.

நம் ஊரே ரயிலால் வந்த ஊர் என்று உன் பிள்ளைகளுக்குச் சொல். ஜல்லி கொட்ட வந்த உன் தாத்தா மாதிரி ஆட்கள் லைன் ஓரம் குடிசை போட்டார்கள், பிறகு ஸ்டேஷன் வந்தது, டீக்கடை வந்தது, நம் தோட்டத்துப் பூவும் கத்தரிக்காயும் ரயிலேறித் திண்டுக்கல் போனது. அகலப்பாதை ஆனபோது ஸ்டேஷன் மாஸ்டரை எடுத்துவிட்டார்கள், கொரோனாவோடு பாசஞ்சர் நிற்பதும் நின்றது. ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை தோண்டினதிலிருந்து மழை பெய்தால் நாம் தீவில்தான். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது.

இந்த மழையில்தான் ஒருநாள் காலை மாமாவுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. சுரங்கப்பாதையும் அதற்கப்பால் ரோடும் முங்கிக் கிடந்ததால், கிட்டேயே வர ஏலாது என்று ஆம்புலன்ஸ்காரர் போனில் சொல்லிவிட்டார். புருசன் கிடந்த கிடையைப் பார்த்து ஒச்சாயி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ரயில நிப்பாட்டுங்கண்ணே, உங்களுக்குத்தான தெரியும்" என்று கதறியது. கட்டிலோடு அவரை லைன் மேட்டில் ஏற்றினோம். உன் அம்மாவின் சிவப்புச் சேலையைக் கம்பில் கட்டி, தண்டவாளத்தின் நடுவில் நின்று ஆட்டினேன். திண்டுக்கல் போகிற வண்டி நின்றது. திட்டிக்கொண்டே ஓடிவந்த கார்டு, கட்டிலைப் பார்த்ததும் தானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். திண்டுக்கல் சேருமுன்னே என் மடியிலேயே உயிர் போய்விட்டது.

இப்போது ரயிலை மறித்ததாக என்மேல் கேஸ். வக்கீல் அன்புமணி, "தண்டவாளத்துல விரிசலப் பாத்தேன்னு சொல்லிருங்கய்யா, விட்ருவாக" என்கிறார். பென்ஷனில் கை வைத்துவிடுவார்கள் என்று உன் தம்பி அஜித்தும் அதையே சொல்லிக் கோபிக்கிறான். எனக்கும் பயம்தான். ஆனால் காலமெல்லாம் அந்தப் பாதையை நடந்து பார்த்தவன், இல்லாத விரிசலை ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு மனுசன் சாகக் கிடந்தான், நிறுத்தினேன் என்றுதான் சொல்லப்போகிறேன்.

நீ லீவு போட்டு ஓடி வராதே. வேளைக்குச் சாப்பிடு, பிள்ளைகளை அடிக்காதே. ஒச்சாயி அத்தை சின்னாளப்பட்டியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டது, மறக்காமல் அதற்கு ஒரு போன் போடு. தான் கேட்டதால்தான் எனக்குக் கேஸ் வந்தது என்று சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறதாம். அப்பா அப்படி நினைக்கவில்லை என்று நீ சொன்னால் கேட்கும்.

உங்கள் எல்லோருக்கும் எங்கள் ஆசி,
அப்பா முனியப்பன்