முகப்புப் பக்கத்துப் பூமாலை

ஜூன் 9, திங்கள். திருப்பதி

காலையிலேயே வெயில். ஏ.சி. முதலாளி பாஸ்கர் சார் அறைக்கு மட்டும். மறுபடி வேலைக்கு வந்தாயிற்று.

நைனா போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. விஜயபுரத்தில் வீட்டிலேயே இருந்தால் வருகிறவர்களுக்கெல்லாம் "எப்படி ஆச்சு" சொல்ல வேண்டும். நெஞ்சு வலி, ஆட்டோ, புத்தூர் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே. சொல்லிச் சொல்லி அது வேறு யாருடைய அப்பாவுக்கோ நடந்தது போல ஆகிவிட்டது. அம்மா அழுதாள், அத்தை அழுதாள், நான் டம்ளர் கழுவினேன். இன்னும் அழுகை வரவில்லை.

பா.சார் நல்லவர்தான். "பர்வாலேதும்மா, வேலை செஞ்சா மனசு கொஞ்சம் லேசாவும். லாட்ஜ் வெப்சைட்டை இந்த வாரம் நெட்ல ஏத்திடணும்."

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ். கட்டிய பெரியவர் இன்றும் தானே கல்லாவில் உட்கார்கிறார். ஒரே மகன் அமெரிக்காவில். பெரியவர் கேட்பவை: பெருமாள் படம் மேலே. ஓடும் எழுத்து. திறந்ததும் நாதஸ்வரம். மஞ்சளில் சிவப்பு எழுத்து. சந்திரகிரிக் கோட்டை பின்னணியில், அதன்மேல் ரூம் வாடகை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை, ஆனால் பூஜ்யத்தில் ஆரம்பிக்கக் கூடாது.

ஓடும் எழுத்தைக் கண்டுபிடித்தவனைத் தெரிந்தால் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொல்வேன். படிக்க வந்தவனை வாக்கியத்தின் பின்னால் ஓடவிடுவது என்ன மரியாதை. திறந்ததும் ஆடிக்காட்டும் ஃப்ளாஷ் முகப்பு அதைவிட மோசம். உலகம் முழுக்க அதில் மக்கள் அழுத்துவது ஒரே பொத்தான்: தாண்டிப் போ.

பெருமாள் படம் மட்டும் முதலில் வந்துவிடுமாறு செய்தேன். இந்த டயல்-அப்பில் அவர் பாதி முகத்தோடு நின்றால் வாடிக்கையாளர் போனில் சண்டைக்கு வருவார்.

மதியம் மெஸ்ஸில் தயிர் தீர்ந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

கரண்ட் இரண்டு முறை போனது. சேமிக்காமல் விட்டது என் தப்பு.

கீழ்த்தள இன்ஸ்டிட்யூட்டில் புது போர்டு: "ஜாவா படி, டாலரில் சம்பாதி." ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத் தனி ஃபீஸ். பெயரில் ஜாவா இருக்கிறதே தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

கம்ப்யூட்டர் மொழிகளில் என் கட்சி பி.எச்.பி. மளிகைக் கடை மாதிரி. எது எங்கே இருக்கிறது என்று ஓர் ஒழுங்கு கிடையாது, ஆனால் கேட்டது உடனே கைக்கு வரும். ஜாவாவில் ஒரு வணக்கம் சொல்ல ஒன்பது வரி முன்னுரை. பெர்ல், நேற்று நானே எழுதியது இன்று எனக்கே விளங்காது. ஏ.எஸ்.பி. பணக்கார சம்பந்தம், சர்வருக்கும் சேர்த்து சீர் வைக்க வேண்டும்.

அண்ணன் பாலு ஜாவா. அதனால் அவன் நியூ ஜெர்சி, நான் திருப்பதி. நைனா இரண்டையும் ஒன்றாகத்தான் பார்த்தார். ஊரில் கேட்பவர்களிடம், "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல போர்டு எழுதுது" என்பார். கோபம் வரும். யோசித்தால் இந்தத் தொழிலுக்கு அதைவிடச் சரியான விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சாயங்காலம் அண்ணனிடமிருந்து மெயில். கருமாதிக்கும் வர முடியாதாம். புராஜெக்ட் முடிகிறது, விசா மாற்றலில் இருக்கிறது, இப்போது வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா தெரியாது. "அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லு. நைனாவுக்கு ஒரு பக்கம் செஞ்சு வெப்ல போடு, நான் இங்க பாத்துக்கறேன்."

பக்குவமாக. அம்மாவிடம்.

ஊரில் எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிட்டு அம்மாவை வரச் சொன்னேன். "துன்னியா?" என்றாள் முதலில். அப்புறம், "பாலு டிக்கெட் போட்டானா? கொள்ளிதான் சித்தப்பன் மவன் வெச்சான், கருமாதிக்காவது பெத்த புள்ள வரணும்டி."

"பாக்கறேன்னான்மா."

பொய். சொல்லும்போது ஒன்றுமே தோன்றவில்லை.

ஜூன் 12, வியாழன்

மேகம் வந்தது, போனது.

நைனாவுக்குப் படம் என்று தனியாக எதுவும் இல்லை. நிலத்துக்கான பட்டாதார் பாஸ் புக்கில் ஒட்டியிருந்ததை ஸ்கேன் செய்தேன். நெற்றியில் பொட்டு, சுற்றிச் சாமந்தி மாலை, இரு பக்கமும் ஆடும் சுடரோடு குத்துவிளக்கு. மாலையின் ஒவ்வொரு பூவையும் தனியாக வரைந்தேன். நான் இதுவரை செய்ததில் இதுதான் சுத்தமான வேலை. சுடரைத் தவிர எதுவும் அசையவில்லை, மின்னவில்லை. பெயர், ஊர், இரண்டு தேதி. ஒரு பக்கத்துக்கு அவ்வளவு போதும்.

நாலு மணிக்கு பா.சார்: "லாட்ஜ் பெத்தாயன, அந்தப் பெரியவரு படம் மொட்டையா இருக்கும்மா. சுத்தி ஏதாவது கிராண்டா போட்டு ஏத்திரு, அவங்க மகன் பாக்கணும்ங்கறாரு." போட்டேன். ஏற்றினேன். பா.சார் எட்டிப் பார்த்து "சூப்பர்" என்றார். பஸ்ஸைப் பிடித்தேன்.

ஜூன் 14, சனி. விஜயபுரம்

வேர்க்கடலைக்கு மழை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நைனா இருந்தால் அவரும் இதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

அம்மா நடு அறையைச் சாணி போட்டு மெழுகியிருக்கிறாள். புதுப் பாய், புதுத் தலையணை உறை. "அவனுக்குக் கட்டில் பழகியிருக்கும், இன்னா பண்றது." சொல்ல வாயெடுத்தேன். அத்தை வந்துவிட்டாள். அத்தை போன பிறகும் சொல்லவில்லை. அத்தைமேல் பழி போடுவதில் அர்த்தமில்லை.

ஜூன் 16, திங்கள். திருப்பதி

லாட்ஜ் சைட்டின் மெயில் பெட்டியைத் திறப்பது நான் மட்டும்தான். ரூம் கேட்டு யாராவது எழுதியிருப்பார்கள் என்று திறந்தேன். எல்லாம் இரங்கல். "செய்தி அறிந்து அதிர்ந்தோம்." "அன்னாரின் ஆன்மா." நியூ ஜெர்சி, சிங்கப்பூர், ஹூஸ்டன்.

முகப்புப் பக்கத்தைப் பார்த்தேன். உயிரோடு இருக்கும் பெரியவர், பொட்டு வைத்து, சாமந்தி மாலைக்குள், இரண்டு விளக்கு நடுவில் சிரிக்கிறார். நைனாவின் மாலை. அன்று திரையில் திறந்திருந்தது, அதையே எடுத்துப் போட்டிருக்கிறேன். பா.சார் கண்ணுக்கும் படவில்லை. இந்த ஊரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலாளி சுவரில் மாலையோடுதான் இருக்கிறார். கண் பழகிவிட்டது.

கடைசி மெயில் பெரியவரின் மகனுடையது, சனிக்கிழமை. படத்தைப் பார்த்தேன், வீட்டு போனை யாரும் எடுக்கவில்லை, லாட்ஜ் லைன் போகவில்லை, கிளம்பிவிட்டேன். அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

லாட்ஜ் முன்னால் ரோடு தோண்டியதில் போன் போன வாரமே செத்துவிட்டது. பெரியவரும் அவர் மனைவியும் மலைமேல், நாளைதான் இறங்குகிறார்கள்.

பா.சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயய்யோ, ஏம் பனிம்மா, என்ன வேலைம்மா இது? உசுரோட இருக்கற மனுஷனுக்கு மாலை போட்டுட்டியே!" மாலையை எடுக்க ஒரு வரி அழித்தால் போதும். அழித்தேன். வேலை போகும் என்று நினைத்தேன். பயம்கூட வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தூறல். மண் வாசனை வரும் அளவுக்கு இல்லை.

மன்னிப்புக் கேட்க லாட்ஜுக்கு இழுத்துப் போனார் பா.சார். பெரியவர் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கல்லாவில் இருந்தார், மலையிலிருந்து அப்போதுதான் வந்தவர். என் நைனாவுக்குச் செய்த மாலை என்று பா.சார் விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் வாசலில் சென்னை டாக்ஸி. மகன். பெட்டிகூட இல்லை, ஒரு தோள் பை. அப்பாவைப் பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வயதில் ஒரு ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அழுது முடித்து எழுந்து எங்களைத் திட்ட ஆரம்பித்தார். இங்கிலீஷ், தெலுங்கு, தமிழ். எல்லாம் நியாயம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர்தான் மகனை நிறுத்தினார். "ஊருக்கோரா, சும்மா இரு. நாலு வருஷமா வா வான்னு போன்ல கெஞ்சறேன். லீவ் இல்ல, விசா இல்ல, பாப்பாவுக்கு ஸ்கூலு. இந்தப் பொண்ணு ஒரு மாலை போட்டா, ஓடியாந்து நிக்கற." பிறகு என்னிடம், "உங்க நைனாவுக்குச் செஞ்சதாம்மா அது? எனக்கு நெஜமா வேணுங்கறப்ப அதையே போடு" என்றார். சொல்லிவிட்டு எங்களுக்குக் காபி வரவழைத்தார்.

குடித்தேன். சர்க்கரை அதிகம். மகன் பெரியவரின் கையை விடவே இல்லை. எனக்கு அந்த மனிதர்மேல் பொறாமையாக இருந்தது. இத்தனை நாளில் எனக்குத் தோன்றிய ஒரே உணர்ச்சி அதுதான்.

ஜூன் 19, வியாழன். விஜயபுரம்

கருமாதி. வெயில். பந்தலில் ஓட்டை. ஆபீஸ் டிஜிட்டல் கேமராவைக் கொண்டு போயிருந்தேன், அண்ணனுக்குப் படம் அனுப்ப.

ஐயர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு "பிள்ளை எங்கே" என்றார். அம்மா ரோட்டைப் பார்த்தாள். நேற்று ராத்திரி முழுக்க அதே ரோடு. இனிமேலும் மறைக்க முடியாது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். "வரலம்மா. விசா. போன வாரமே சொல்லிட்டான்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். "குமார கூப்டு, ஒக்காரட்டும்" என்றாள், அவ்வளவுதான். சித்தப்பா மகன் மறுபடி உட்கார்ந்தான். அம்மாவின் பொட்டை அழித்தார்கள். படங்கள் எடுத்தேன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வீடு அமைதி. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் லாட்ஜ் கதையைச் சொன்னேன். மாலை, மொட்டை, டாக்ஸி, படியில் அழுதது. அம்மா முழுக்கக் கேட்டாள். பெரியவர் சொன்னதைச் சொன்னபோது சிரித்தாள்.

"மாலயப் பாத்துக்கினு ஓடியாந்துட்டானா?"

"ஆமாம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படம் புடிக்கற மிஷின் கீதா?"

"கீது. எதுக்கு?"

"என்ன ஒண்ணு புடி. அதே மாலயப் போட்டு ஏத்து. பாலு வரானா பாக்கலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. எழுந்து முகம் கழுவி, முந்தானையைச் சரிசெய்து, சுவரில் சாய்ந்து நேராக உட்கார்ந்தாள். "எடு."

எடுத்தேன். பின்னால் வெள்ளைச் சுவர். உருவத்தை மட்டும் வெட்டி எடுப்பது சுலபம்.