உள்ளிருந்து சொன்ன ‘வாரேன்’

மாப்ளே,

இன்று காலை உமி போட்டுப் பிசைந்த களிமண் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கை ஓடவில்லை. சைக்கிள் பிரேமுக்குப் பெயிண்ட் அடித்துச் சுடவைக்க நீயும் நானும் தகரத்தில் அடித்துச் செய்தோமே ஆள் நுழையுமளவு ஒரு பெட்டியடுப்பு, அதன் உட்பூச்சு உதிர்ந்துவிட்டது. யாராவது உள்ளே குந்திப் பூச வேண்டும். அந்த யாராவது இப்போது நான் மட்டும்தான்.

முதல் பூச்சு பூசிய அன்றும் நான்தான் உள்ளே இருந்தேன். நீ பின்பக்கம், அடியில் மூட்டுவதற்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தாய். கடைசி மூலையை வழித்துவிட்டு, வெளியே வரப்போகிறேன் என்ற அர்த்தத்தில், “இந்தா வாரேன் மாப்ளே” என்றேன். நம்மூரில் புறப்படுகிறவனும் அதைத்தானே சொல்வான்! நான் சாப்பிட வீட்டுக்குக் கிளம்பிவிட்டதாக நினைத்தாய். காற்றுப் பட்டால் ஈரப்பூச்சு வெடிக்குமே என்று உள்ளே பாராமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாய். பிறகு தீ வைத்தாய்.

நான் கத்தியதைப் பக்கத்து ரைஸ்மில் சத்தம் விழுங்கிவிட்டது. இருட்டில் சுவரைக் குத்தினேன். குத்தின இடமெல்லாம் ஈரமண்; கை புதைந்ததே தவிரச் சத்தம் எழவில்லை. கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. காலடித் தகரம் சுட ஆரம்பித்தது. செத்தேன் என்றே நினைத்தேன். கடைசியில் பூச்சில்லாத கதவுத் தகரத்தில் கையிலிருந்த பூச்சுக் கரணை பட்டு ‘டங்’ என்றது.

திறந்த உன் முகத்தில் ரத்தமே இல்லை. “வாரேன்னியேடா... போய்ட்டேன்னுல்ல நெனச்சேன்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். அப்புறம், “இனிமே இங்கிட்டிருந்து போறவன் போறேன்னே சொல்லணும்” என்று சட்டம் போட்டாய். “ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று உன் ஆத்தா வைதும் நாம் மாற்றவில்லை. கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டால்தான் மூச்சு சீராகும்.

நெஞ்சு வலிக்கு வைத்தியம் பார்க்கத் திருச்சிக்கு பஸ் ஏறிய அன்று, ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாரேன் மாப்ளே” என்றாய். நம் சட்டத்தை மறந்தாயா, வேண்டுமென்றே சொன்னாயா? கேட்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நீ திரும்பி வரவில்லை.

இன்று கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் பூசி முடித்தேன். கதவை மாட்டித் தாழ்ப்பாளைத் தொட்டபோது கை நின்றுவிட்டது. உள்ளே தலையை நீட்டி, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்து, இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

அப்புறம்தான் சாத்தினேன்.