நமக்கு மட்டும் வந்த எச்சரிக்கை

மேரு, கிள்ளான்

அன்பு மகன் ஷபீருக்கு, உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். மெல்பர்னில் நீ சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நானும் வாப்பாவும் சுகம்தான், அப்படி எழுதத்தான் கை கூசுகிறது. வாப்பாவுக்கு முழங்கால் வலி இன்னும் குறையவில்லை, உன் தங்கை நாஜியாவுக்குப் பிரசவம் நெருங்குகிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நீ திடீரென்று கூப்பிட்டு, "உம்மா, கொஞ்ச நாளைக்குக் குழாய்த் தண்ணி வேணாம், பாட்டில் வாங்கிக் குடிங்க" என்றாய். ஏன் என்றதற்கு, "சும்மாதான் லா, உடம்புக்கு நல்லது" என்றாய். மகனுக்கு எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போய்க் குடித்தோம். பக்கத்து வீட்டு அமுதவள்ளி குழாய்த் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடித்தாள். வாந்தி, மயக்கம், ஆஸ்பத்திரி. எங்கள் தெருவில் இன்னும் பல பேர் படுத்துவிட்டார்கள். அப்புறம்தான் ஆற்றில் எவனோ தொழிற்சாலைக் கழிவை ஊற்றிவிட்டான், காய்ச்சினாலும் போகாது என்று குழாயை மூடித் தண்ணீர் லோரி அனுப்பினார்கள். இந்த ஊர் ஆற்றுத் தண்ணீரையும் உன் கம்பெனிதானே அங்கிருந்தே கண்காணிக்கிறது; அன்றைக்கு நீ போனில் வாப்பாவிடம், "எங்க கம்ப்யூட்டர் ஒரு வாரம் முன்னாலேயே கண்டுபிடிச்சிருச்சு" என்று பெருமையாகச் சொன்னாய். பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் அந்தப் பாட்டில் தண்ணீர் எதற்கென்று புரிந்தது. கேட்டால், லேப் ரிசல்ட் வரும்வரை வெளியே சொல்லக்கூடாதென்று மேனேஜர் சொன்னார், வேலை போய்விடும் என்கிறாய். எங்களுக்காக அந்தப் பேச்சை மீறினாயே, இன்னொரு வீட்டுக்காக மீற முடியாதா? காரணத்தைச் சொல்லியிருந்தால் உன் பெயரை எடுக்காமல் நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருப்பேன். பெற்றவளை ஏமாற்றி வாயைக் கட்டிப் போட்டுவிட்டாய். பழைய கணக்கையெல்லாம் படித்துத் தண்ணீர் கெடுவதை முன்னாலேயே சொல்லும் கம்ப்யூட்டர் என்று நீ விளக்கியபோது, "நம்ம புள்ள நம்ம தண்ணிக்குக் காவல் இருக்கான் லா" என்று ஊரெல்லாம் சொன்னவள் அந்த அமுதவள்ளிதான்.

அல்ஹம்துலில்லாஹ், தேறி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனதற்கு என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "எனக்கு ஒரு போன் பண்ண அவனுக்குத் தோணலையாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

குளிரில் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன்னைக் காக்கட்டும், உண்மையைச் சொல்லும் தைரியத்தையும் தரட்டும். இதைப் படித்ததும் எனக்குக் கூப்பிடாதே. அமுதவள்ளிக்குக் கூப்பிடு. எடுக்கும்வரை கூப்பிடு.

உன் உம்மா,
காத்தூன் பீவி